முதல் தண்ணீர்

ஏகாம்பர வைத்தியர் தாண்டவச் சாமியின் மடத்தில் சீடராகச் சேர்ந்ததைக் கேட்டு ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? வைத்தியருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. சாமிக்கு நாற்பது இருந்தால் அதிகம். வைத்தியர் வாயைத் திறந்தால் மருத்துவச் செய்யுள் வரும். சாமி வாயைத் திறந்தால் பெரும்பாலும் அது சாப்பிடுவதற்காகத்தான் இருக்கும்.

"யாருக்கு யாரு சீடரு?" என்று சந்தையில் வேண்டுமென்றே வைத்தியர் காதில் விழும்படி கேட்டார்கள்.

வைத்தியர் அதைச் சட்டை செய்யவில்லை. அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. பெரிய பண்டிதர்களிடமெல்லாம் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டார். ஆளுக்கொரு நீளமான பதில் சொன்னார்கள். தாண்டவச் சாமி ஒருவர்தான், "அட, நல்லா இருக்கே! இன்னொரு தடவை கேளுங்க" என்றார். அந்த வாரமே வைத்தியர் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கேள்வி இதுதான்: குணமாகிறது என்றால் என்ன?

"இதுல என்ன சந்தேகம் உங்களுக்கு?" என்றார் சாமி.

"காய்ச்சல் வந்தவன் 'விட்டிருச்சு'ங்கறான் சாமி. புண்ணு வந்தவன் 'ஆறிருச்சு'ங்கறான். கை ஒடிஞ்சவன் 'கூடிருச்சு'ங்கறான். வயித்தால போனவன் 'நின்னுருச்சு'ங்கறான். எதையோ பார்த்துப் பயந்து கெடந்தவன் 'தெளிஞ்சிருச்சு'ங்கறான். அம்மை கண்டவங்க 'ஆத்தா எறங்கிட்டா'ன்னு சொல்றாங்க. வயசானவங்க இருக்காங்களே, அவங்க எதையும் ஒத்துக்க மாட்டாங்க. 'ஏதோ தேவல'ம்பாங்க, அவ்வளவுதான். என் சுவடியில எல்லாத்துக்கும் ஒரே சொல்லு. குணம். இத்தனை பேரும் சொல்றது ஒண்ணைத்தானா, வேற வேறயா?"

"எனக்குத் தெரியலியே வைத்தியரே. நீங்க கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லி அனுப்புங்க."

"நான் இங்கதானே இருக்கேன் சாமி?"

"அப்ப இன்னும் வசதி."

வைத்தியர் விடுகிற ஆளில்லை. நாற்பது வருஷம் நாடி பிடித்தவர். பிடித்ததை விட மாட்டார்.

"இன்னொண்ணும் இருக்கு. நான் குணமாயிருச்சுன்னு சொல்ற நாளும், நோயாளி சொல்ற நாளும் ஒண்ணா இருக்கறதே இல்ல. ஒருத்தனுக்குக் கால் எலும்பு அருமையா கூடிருச்சு. தட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி இருக்கு. அவன் வருஷம் பூரா குச்சி ஊணிக்கிட்டுத்தான் நடந்தான். இன்னொரு பொம்பள, உடம்பு அனலாக் கொதிக்குது, எந்திரிச்சுப் போயி அடுப்பைப் பத்த வச்சுட்டா. கேட்டா, 'நல்லாயிட்டேன்'கறா. யாரு சொல்றது சரி? நானா, அவங்களா?"

சாமி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அந்தம்மா என்ன சமைச்சாங்க?"

"சாமி!"

"இல்ல, தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"கத்திரிக்காய்க் குழம்பு."

"காய்ச்சலோட எந்திரிச்சுக் கத்திரிக்காய்க் குழம்பு வச்சாங்கன்னா, யாருக்கு வச்சாங்கன்னு நீங்க கேட்டிருக்கணும்" என்றார் சாமி. பிறகு எழுந்து குளத்துக்குக் குளிக்கப் போய்விட்டார்.

வைத்தியருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாவம், அவர் பதில் எதிர்பார்த்து வந்தவர்.

இப்படிச் சில மாதம் போனது. பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில் மடத்து வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். பக்கத்துப் புளியங்கரையில் தோட்டம் போட்டிருக்கும் வீரணன். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளே வராமல், எட்டவே நின்றான்.

"வாப்பா உள்ள" என்றார் வைத்தியர்.

"வேணாங்கய்யா. எங்க வீட்டுல இன்னும் தண்ணி ஊத்தல."

வைத்தியருக்குப் புரிந்தது. அந்தப் பக்கத்தில் அம்மை போட்டால் மருந்து கிடையாது. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். நோயாளியை வேப்பிலை மேல் படுக்க வைத்து இளநீரும் மோரும் கொடுப்பார்கள். கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்ததும், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அதுதான் முதல் தண்ணீர். அது ஊற்றுகிற வரைக்கும் நோயாளி நோயாளிதான். அந்த வீட்டார் இன்னொரு வீட்டுப் படி ஏற மாட்டார்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு கல் உப்புகூட வெளியே போகாது.

"யாருக்கு?"

"எம் பொஞ்சாதி செவந்திக்குத்தான். பொருக்கெல்லாம் எப்பவோ உதிர்ந்திருச்சுங்கய்யா. ஆனா உள்ளறையை விட்டு வர மாட்டேங்கறா. கைப்பிள்ளை ஒண்ணு இருக்கு. ஆத்தா வந்தன்னிக்கே அதைப் பக்கத்து வீட்டுப் பேச்சிகிட்டக் குடுத்துட்டோம். அவளுக்கும் கைப்பிள்ளை. நல்ல மனசு, பால் குடுத்துக்கிட்டிருக்கா. ஆனா ரெண்டு பிள்ளைக்குக் காணல. ஆட்டுப்பால் குடுத்தா எம்மக கக்கிடுது. எளைச்சுப் போச்சுய்யா, கையில எடுத்தா எடையே தெரியலன்னு பேச்சி சொல்றா."

சொல்லும்போதே அவனுக்குக் குரல் உடைந்தது.

"செவந்திக்குப் பால் வத்திப்போச்சா?"

"இல்ல. பீச்சிச் சொவத்துல விடறா. ஆனா முன்னைக்கு இப்ப கம்மின்னு சொல்றா."

வைத்தியர் நெற்றியைச் சுருக்கினார். இன்னும் கொஞ்ச நாள் போனால் பால் அடியோடு நின்றுவிடும். பிறகு அந்தக் குழந்தையை எதை வைத்துப் பிழைக்க வைப்பது?

"தண்ணியை ஊத்தித் தொலைக்க வேண்டியதுதானே? இதுல என்ன கஷ்டம்?"

"யாரு ஊத்தறதுங்கய்யா? பார்த்த கைதான் ஊத்தணும்."

அதுவும் அந்தப் பக்கத்து வழக்கம். படுக்கையில் கிடந்தவரைப் பக்கத்தில் இருந்து யார் பார்த்துக்கொண்டாரோ, அவர் கைதான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"பார்த்தது யாரு?"

"எங்கம்மா. அவங்களுக்கும் ஏறிருச்சு. போயிட்டாங்க."

வைத்தியர் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். உள்ளே சாமி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் புளியங்கரை வரைக்கும் போயிட்டு வந்துடறேன் சாமி. சின்ன விஷயம்தான். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்."

"நல்லது" என்றார் சாமி.

வீரணன் வீட்டு வாசலில் வேப்பிலை காய்ந்து சருகாகிக் கிடந்தது. உள்ளறையின் மூலையில், சுவரைப் பார்த்தபடி செவந்தி உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். முகத்தில் தழும்பு இருந்தது. மற்றபடி கண்ணில் தெளிவு இருந்தது, நாக்கில் ஈரம் இருந்தது. வைத்தியர் நாடி பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

"குணமாயிருச்சும்மா. எந்திரி. போயிப் பிள்ளையைத் தூக்கு."

"நீங்க சொல்றீங்க ஐயா. தண்ணி ஊத்தலியே."

"தண்ணிங்கறது ஒரு வழக்கம். நோய் போயிடுச்சுன்னு நாலு பேருக்குத் தெரியணும்னு செய்யறது. நான் வைத்தியன் சொல்றேன், போயிடுச்சு. உன்னால பிள்ளைக்கு ஒண்ணும் வராது."

"பார்த்த கை ஊத்தணுமே ஐயா."

வைத்தியருக்குப் பொறுமை போனது. பக்கத்து வீட்டிலிருந்து குழந்தை அழுகிற சத்தம் வேறு கேட்டுக்கொண்டே இருந்தது. பசி அழுகை. அது எந்த வைத்தியனுக்கும் தெரியும்.

"சரி. நான் உன் நாடியைப் பார்த்தேனா இல்லியா? இதுவும் பார்த்த கைதான். வா வெளிய."

வீரணன் அவசரமாகத் தண்ணீர் எடுத்து வைத்து வேப்பிலை கிள்ளிப் போட்டான். பெரியவர் சொல்கிறாரே என்று செவந்தி எழுந்து வந்து முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வைத்தியர் மந்திரமெல்லாம் சொல்லி, சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினார். குடம் காலியானது.

"முடிஞ்சுது. இப்பப் போ."

செவந்தி தலைமுடியைப் பிழிந்தாள். ஈரத்தோடு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு நேராக உள்ளறைக்குப் போய், அதே மூலையில், அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா இது?"

"கோவிச்சுக்காதீங்க ஐயா. பெரியவங்க சொன்னீங்க, வந்து உக்காந்தேன். இது குளிச்சது. தண்ணி ஊத்திக்கிட்டதாகாது."

வைத்தியர் மடத்துக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. நடந்ததையெல்லாம் சாமியிடம் சொன்னார். மந்திரம் சொல்லி ஊற்றிய இடம் வந்ததும் சாமி வயிறு குலுங்கச் சிரித்தார். வைத்தியருக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அதைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது.

"சாமி, அந்தப் பொண்ணு உடம்புல நோய் இல்ல. மனசுலயும் கலக்கம் இல்ல, கேட்டா நல்லாத்தான் பதில் சொல்றா. பிள்ளை மேல ஆசை இல்லாமலா இருக்கா? அது அழறப்பெல்லாம் அவ தோள் நடுங்குது, நான் பார்த்தேன். அப்புறம் எது அவளைப் புடிச்சு வச்சிருக்கு?"

சாமியின் சிரிப்பு நின்றுவிட்டது. "பால் கம்மியாயிடுச்சுன்னா சொன்னாங்க?"

"ஆமா."

"அப்ப விடிஞ்சதும் போவோம்" என்றார் சாமி.

மறுநாள் புளியங்கரை போய்ச் சேர்ந்ததும் சாமி வீட்டுக்குள் போகவில்லை. முற்றத்தில் ஒரு முருங்கை மரம் நின்றது. அதன் அடியில் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வீரணனைக் கூப்பிட்டார்.

"குடத்துல தண்ணி புடிச்சு வெயில்ல வையப்பா. மஞ்சள், வேப்பிலை எல்லாம் முறையாப் போடு. நேத்து மாதிரி அவசரம் வேணாம். நல்லா காயட்டும்."

வைத்தியர் பக்கத்தில் உட்கார்ந்தார். சாமி என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

"யாரு ஊத்தப் போறா சாமி? நீங்களா?"

"எனக்கென்ன தெரியும்? முதல்ல தண்ணி காயட்டும்."

வெயில் ஏறியது. சாமி உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தாயி! நடந்து வந்தது தாகமா இருக்கு. கொஞ்சம் மோர் கெடைக்குமா?"

உள்ளே சலசலப்புக் கேட்டது. பிறகு செவந்தியின் குரல் வந்தது.

"மன்னிக்கணும் சாமி. ஆத்தா இருக்கற வீட்டுலேருந்து வெளியாளுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது."

"ஆத்தா இன்னும் இருக்காளா?"

"இருக்கா சாமி."

"உன் மேலயா?"



"எனக்கு எறங்கிட்டா சாமி."

வைத்தியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நேற்று அவ்வளவு வாதாடியபோது ஒரு தடவைகூட அவள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் இப்படிக் கேட்கவில்லை.

"அப்ப யாருக்கு எறங்கல?" என்றார் சாமி.

பக்கத்து வீட்டில் பேச்சி குழந்தையைத் தட்டித் தட்டிப் பாடுவது கேட்டது.

"உங்க அத்தை எங்க படுத்திருந்தாங்க தாயி?"

"இங்கதான். என் பக்கத்துல."

"அவங்க பேரு?"

"ஒச்சாயி."

"நல்லா பார்த்துக்கிட்டாங்களா உன்னை?"

"பார்த்துக்கிட்டாங்களாவா?" என்ற செவந்தியின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "எனக்கும் அவங்களுக்கும் ஒரு நாள் ஆகாது சாமி. உப்புக்கும் சண்டை, புளிக்கும் சண்டை. இந்தத் தெருவே கேக்கும். எனக்கு முத்துப் போட்டதும், 'நீங்க உள்ள வராதீங்க, உங்களுக்கு ஏறிரும்'னு கத்தினேன். 'எனக்கு சின்ன வயசுலயே போட்டு எறங்கிருச்சுடி, ஒரு தடவை வந்தவங்களுக்கு வராது'ன்னு சொல்லிட்டு வந்து உக்காந்துட்டாங்க. ராவும் பகலும் விசிறி விட்டாங்க. நான் சொறிஞ்சுக்கக் கூடாதுன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டே தூங்குவாங்க."

"அப்புறம்?"

"எனக்குக் காய ஆரம்பிச்சப்ப அவங்களுக்குப் போட்டிருச்சு சாமி. அப்பத்தான் சொன்னாங்க. 'எனக்கு வந்ததே இல்லடி. சொன்னா நீ விட்டிருக்க மாட்ட'ன்னு."

வீரணன் முற்றத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். இது அவனுக்கும் தெரியாது. துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

சாமி அவசரப்படவில்லை. குடத்துத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். இளஞ்சூடு வந்திருந்தது.

"அவங்களுக்குப் போட்டப்ப யாரு பார்த்தா?"

"யாரை உள்ள விட முடியும்? நாந்தான். எனக்கே எந்திரிக்க முடியல. உருண்டு உருண்டு போயி வாயில தண்ணி ஊத்துவேன். வேப்பிலையால தடவி விடுவேன்."

"போனப்புறம் குளிப்பாட்டினாங்களா?"

வீரணன்தான் பதில் சொன்னான். "அம்மை கண்டு போனவங்களைக் குளிப்பாட்டற வழக்கம் இல்ல சாமி. எரிக்கறதும் இல்ல. வேப்பிலையில சுத்திக் கண்மாய்க் கரைக்கு அங்கிட்டுப் பொதைச்சிருவோம். அப்படியே பொதைச்சோம்."

"அவங்களைப் பார்த்த கை எங்க இருக்கு தாயி?" என்று கேட்டார் சாமி.

வைத்தியர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு உள்ளறைக் கதவு திறந்தது. செவந்தி வெளியே வந்தாள். வெயில் கண்ணில் பட்டுக் கூசியது. அவள் யாரையும் பார்க்கவில்லை. குடத்தை மட்டும் பார்த்தாள். தண்ணீரில் மஞ்சள் போதாது என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளே போய் இன்னும் ஒரு பிடி மஞ்சள் எடுத்து வந்து கரைத்தாள்.

பிறகு குனிந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"செவந்தி," என்றான் வீரணன் தயங்கி. "பொதைச்ச எடத்துக்குப் பொம்பளைங்க வர்ற வழக்கம் இல்லியே. சாமி, நீங்க சொல்லுங்க."

"பார்த்த கை ஊத்தணும்கறதும் உங்க வழக்கம்தானேப்பா" என்றார் சாமி. "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணைத்தான் வச்சுக்க முடியும் போலிருக்கு. எதுன்னு நீயே பார்த்துச் சொல்லு."

வீரணன் பொஞ்சாதியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே படலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அவன் வேகமாக முன்னால் போய் வழிகாட்டி நடந்தான்.

கண்மாய்க் கரைக்கு அப்பால் வேலமரங்களுக்கு நடுவில் அந்த மேடு இருந்தது. மேல் மண் இன்னும் இறுகவில்லை. சுற்றிப் போட்டிருந்த முள்ளை வீரணன் விலக்கினான். ஆண்கள் மூன்று பேரும் தள்ளி நின்றார்கள். செவந்தி மேட்டின் தலைமாட்டில் மண்டி போட்டாள்.

முதலில் அவளுக்குக் கை வரவில்லை. குடத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள்.

"பொய் சொல்லிட்டீங்களே அத்தை. வாயைத் தொறந்தா பொய்யி. சீக்காளிக்குச் செய்யறேன்னு வந்து உக்காந்து, இப்படியா பண்றது? உங்க பேத்தி பேச்சி வீட்டுல கெடக்கு. யாரு பார்த்துக்கறது அதை?"

திட்டிக்கொண்டே அழுதாள். அழுகை வந்ததும் கை தானாக இறங்கியது. தண்ணீரைக் கையில் கொஞ்சம் ஏந்தி, சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மண்ணின் மேல், தலை இருக்கிற இடமாகப் பார்த்து, ஒரு கையைக் குறுக்கே அணையாக வைத்துக்கொண்டு மெல்லச் சாய்த்தாள்.

"கண்ணை மூடிக்குங்க அத்தை" என்றாள். "மஞ்சள் எரியும்."

வீரணன் குந்தி உட்கார்ந்து ஓவென்று அழுதான். வைத்தியரும் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ சாவுகளைப் பார்த்தவர்தான்; ஆனால் இப்படி ஒரு குளிப்பாட்டலை அவர் பார்த்ததில்லை. சாமியைத் திரும்பிப் பார்த்தார். சாமி கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கண்ணீர் பாட்டுக்குக் கன்னத்தில் வழிந்தது.

தலை முதல் கால் வரைக்கும் ஒரு சொட்டு மிச்சம் இல்லாமல் ஊற்றி முடித்தாள் செவந்தி. மண் தண்ணீரைக் குடித்துக் கறுத்தது. கலைந்திருந்த வேப்பிலைகளை அள்ளி ஒழுங்காக மேலே பரப்பினாள். காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எறங்கிட்டா" என்றாள் வீரணனிடம்.

திரும்பி வரும் வழியில் வைத்தியர் சாமியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நடந்தார். அவருக்குள் கேள்விகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

"சாமி, செத்துப்போனவங்களுக்கும் குணமாகறது உண்டா?"

"அவங்களைத்தான் கேக்கணும்."

"அப்ப, இந்தப் பொண்ணுக்கு இருந்தது நோயா, கடனா?"

"நீங்கதானே நாடி புடிச்சீங்க? என்ன சொல்லுச்சு?"

"ஒரு குறையும் இல்லன்னு சொல்லுச்சு."

"நாடி பொய் சொல்லாது" என்றார் சாமி.

வைத்தியர் பெருமூச்சு விட்டார். இந்த மனிதரிடம் கேட்பதும் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து மீனிடம் கேட்பதும் ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் இன்னொன்று அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. செவந்தியின் தலையில் இன்னும் யாரும் ஊற்றவில்லை. அவளைப் பார்த்த கை மண்ணுக்குள் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் அவள் மறுபடி அந்த மூலைக்குப் போய்விட்டால் என்ன செய்வது? குழந்தையின் கதி?

தெரு திரும்பியதும் அழுகைச் சத்தம் கேட்டது. பேச்சி தன் குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு, செவந்தியின் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். செவந்தியைத் தெருவில் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, வெளிய வந்துட்ட? ஊத்தியாச்சா?"

செவந்தி வாயைத் திறந்தாள். என்னவோ சொல்ல வந்தாள். அதற்குள் குழந்தை இன்னொரு தடவை வீறிட்டது. பசித்துத் தொண்டை கட்டிப்போன அழுகை. செவந்தியின் மாராப்பு நனைந்தது. ஈரம் பரவிக்கொண்டே போனது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். குடம் இடுப்பிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"குடுடி" என்றாள்.

வாங்கிக்கொண்டு, எதிரில் இருந்த புளியமரத்து நிழலுக்குப் போய், எல்லாருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தாள். அழுகை ஒரு கணம் தடுமாறியது, விக்கியது, பிறகு நின்றுவிட்டது.

பேச்சி தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். வீரணன் உருண்டுபோன குடத்தை எடுக்கத் தோன்றாமல் நின்றான். புளியமரத்தடியிலிருந்து செவந்தியின் குரல் தாழ்ந்து கேட்டது. குழந்தையிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை சிரித்தது போலவும் இருந்தது.

வைத்தியருக்கு நிலைகொள்ளவில்லை. சாமியின் காதருகில் குனிந்தார்.

"சாமி, ஒண்ணு விட்டுப்போச்சே. அவளுக்கு இன்னும் முதல் தண்ணி ஊத்தல. பார்த்த கையும் இல்ல. வழக்கப்படி பார்த்தா இவ இன்னும் நோயாளிதான். இப்ப இவளுக்குக் குணமாயிருச்சா, இல்லியா?"

"தெரியலியே" என்றார் சாமி. "தண்ணி ஊத்தலன்னு அவகிட்டப் போயி ஞாபகப்படுத்திட்டு வாங்களேன்."

வைத்தியர் புளியமரத்துப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். பிறகு அங்கேயே நின்றுவிட்டார்.